ரந்தோரியும் தற்காப்பும்: ஒரு திருத்தம்

அடி, உதை, கத்தித் தாக்குதல் எதுவும் ஜூடோவில் இல்லை என்றும், ஆகவே அதன் ரந்தோரி, அதாவது கட்டற்ற மோதல் பயிற்சி, தற்காப்புக்கு உதவாது என்றும் ஒரு கருத்து கூறப்படுகிறது. முதற்பகுதி சரியன்று. 1882இல் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியை நிறுவிய ஜிகோரோ கானோ, ஆபத்தான அடிமுறைகளைக் கைவிடவில்லை. எதிராளி முழு வலுவுடன் எதிர்க்கும்போதும் காயமின்றிப் பழக வேண்டும் என்பதற்காக, அவற்றை ரந்தோரியிலிருந்து பிரித்துக் காத்தாவில், அதாவது முன்பே வகுத்த வரிசைப்படி செய்யும் பயிற்சியில், வைத்தார். திமிறுபவரைச் சமநிலை குலைத்து வீழ்த்தும் பழக்கம் ரந்தோரியில்தான் வருகிறது; கத்தியையோ பலரையோ எதிர்கொள்ள அது மட்டும் போதாது என்பதும் உண்மையே. கோடோகான் இணையதளத்தில் கிமெ நோ காத்தா என்னும் தற்காப்புக் காத்தாவின் 20 நுட்பங்களைப் பார்த்தால், கத்தி, வாள் தாக்குதல்களுக்கான பதில்கள் அங்கே இருப்பதை எவரும் உறுதிசெய்யலாம்.