சாமின் அன்பு செய்த தப்பு

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்றாலே நம்ம ஆட்களுக்குச் சண்டைக் காட்சிகள்தான் ஞாபகம் வரும். படம் செய்த வேலை அது. டோல்கீன் 1954, 55இல் மூன்று பாகங்களாகக் கொண்டுவந்த நாவலைப் படித்தால் சண்டையை விட நடைதான் அதிகம். தீய மோதிரம் ஒன்றை, எதிரி நாடான மோர்டாரில் இருக்கும் எரிமலையில் போட்டு அழிக்க ஃப்ரோடோ போகிறான், துணைக்கு அவன் தோட்டக்காரன் சாம். நடக்கிறார்கள், பசிக்கிறது, எங்கேயாவது ஒண்டித் தூங்குகிறார்கள், மறுபடியும் நடக்கிறார்கள். யாரை எந்த அளவுக்கு நம்பலாம் என்கிற கேள்வி மட்டும் கூடவே வருகிறது.

பாண்டிச்சேரியில் காலேஜ் படிக்கும் அண்ணன் மகள் லீவுக்குக் கடலூர் வந்திருந்தாள். "சித்தப்பா, ஃப்ரோடோ எல்லாம் சும்மா. சாம்தான் ஹீரோ" என்றாள். எல்லாரும் சொல்வதுதான், தப்பும் இல்லை. சமையல் பாத்திரங்களை மோர்டார் வரை சுமந்து வருகிறவன் சாம். சுமையைக் குறைக்க அவற்றைத் தூக்கி எறியும்போது அவனுக்குக் கண்ணீர் முட்டுகிறது. ஃப்ரோடோவுக்குக் கால் வராதபோது முதுகில் தூக்கிக்கொண்டு எரிமலை ஏறுகிறான். இந்த நாவலில் காதலே இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இதையெல்லாம் எந்தக் கணக்கில் வைக்கிறார்களோ.

ஆனால் நாவலின் பெரிய இழப்புக்கும் அதே அன்புதான் காரணம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

மோர்டாருக்குள் போகிற வழியில் கிரித் உங்கோல் படிக்கட்டு. சாமின் மடியில் தலை வைத்து ஃப்ரோடோ தூங்குகிறான், சாமும் கண்ணயர்ந்துவிட்டான். இருவரையும் ராட்சசச் சிலந்திக்குக் காவு கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வரும் கோல்லம், ஒரு காலத்தில் மோதிரத்தை வைத்திருந்து இப்போது இவர்களுக்கு வழிகாட்டியாக வருகிறவன், இதைப் பார்க்கிறான். முகம் மாறுகிறது. அந்த நேரத்தில் அவன் களைத்துப்போன ஒரு கிழவன், அவ்வளவுதான். கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். சாம் விழித்துக்கொள்கிறான். எஜமானை ஏதோ செய்யப் போகிறான் என்று நினைத்து, "என்னடா பண்றே" என்கிற தோரணையில் சீறுகிறான். அதோடு முடிந்தது. கோல்லத்தின் கண்ணில் பழைய பச்சை ஒளி திரும்புகிறது. கதையிலேயே மிகச் சோகமான இடம் தனக்கு இதுதான் என்கிற மாதிரி டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சாம் சந்தேகப்பட்டது சரிதான். கோல்லம் துரோகிதான். ஆனாலும் திருந்த வந்த அந்த ஒரு நிமிஷத்தில் அவன் மூஞ்சியில் கதவைச் சாத்தியது, ஃப்ரோடோ மேல் சாம் வைத்திருந்த கண்மூடித்தனமான பாசம். ஃப்ரோடோவும் கோல்லத்தை நல்லவன் என்று நம்பவில்லை. மோதிரம் ஒருவனை என்ன பாடு படுத்தும் என்று சுமந்து பார்த்துத் தெரிந்துகொண்டவன், அதனால்தான் இடம் கொடுத்தான். கடைசியில் சாமும் கொஞ்ச நேரம் மோதிரத்தைச் சுமந்த பிறகு, மலைச்சரிவில் கத்தி கையில் இருந்தும் கோல்லத்தைக் குத்த மனசு வராமல் விட்டுவிடுகிறான். அப்புறம் நடந்ததுதான் தெரியுமே. நெருப்பின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான், மோதிரம் தனக்கே என்கிறான். கோல்லம் விரலைக் கடித்துப் பிடுங்கி, மோதிரத்தோடு உள்ளே விழுகிறான். ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த பில்போ, ஃப்ரோடோ, சாம் மூவரில் ஒருவர் அவனைக் கொன்றிருந்தாலும் காரியம் நடந்திருக்காது.

மோர்டாரை எதிர்த்து நிற்கும் கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோர் இதற்கு நேர் எதிர். மந்திரக் கல்லில் கறுப்புக் கப்பல்கள் வருவதைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று சிதையேறிவிடுகிறான். கப்பல்கள் நிஜம்தான், அதில் வந்தது எதிரி இல்லை, உதவிக்கு வரும் அரகார்ன் என்பதைத்தான் கல் காட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர் வாட்ஸப் குரூப்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படத்தில் வராத கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. சொந்த ஊரான ஷயருக்குத் திரும்பினால் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். சாம் கன்று நடுகிறான், எல்ஃப் சீமாட்டி கலாட்ரியல் கொடுத்த மந்திர மண்ணில் வேருக்கு ஒரு துகள் வைக்கிறான். இருபது வருட வளர்ச்சி ஒரே வருடத்தில் வந்துவிடுகிறது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். இங்கே அந்த மாதிரி மந்திர மண் யாரிடமும் இல்லை. காய்க்க வருடக்கணக்காகும் என்று தெரிந்தேதான் மறுபடியும் கன்று வைத்தார்கள், அதிலும் வயசானவர்கள். சாமை விட இவர்கள் ஒரு படி மேல் என்று சொன்னேன். "அது சரி சித்தப்பா, ஆனா சாம்தான் ஹீரோ" என்றாள்.