கவர்னருக்கும் ஒரு சகலை இருந்தார்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "வாரிசு அரசியல் நம்மாளுங்க ரத்தத்துலயே ஊறினது சார். வெள்ளக்காரன் திறமையைப் பார்த்துத்தான் ஆளை வெச்சான்" என்றார். பாயசம் வந்துவிட்டதால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த டூப்ளேவையே எடுத்துக்கொள்வோம். 1741-இல் அவர் கட்டிக்கொண்ட ழான் பாண்டிச்சேரியிலேயே பிறந்தவர், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவரின் விதவை, தமிழும் பேசுவார். அந்த அம்மாளின் மகளைக் கட்டியவர் டெப்ரமெனில். 1746-இல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அதை நிர்வகிக்க டூப்ளே அனுப்பியது இந்த மருமகனைத்தான். 1749-இல் ஆம்பூர்ச் சண்டையில் பிரெஞ்சுப் படையை நடத்திப் போன தோத்தேய், ழானின் உடன்பிறந்தவரைக் கட்டியவர். நம் பாஷையில் சகலை. இதே சகலை 1752-இல் வாலிகண்டபுரத்தில் இங்கிலீஷ் தளபதி கிளைவிடம் சரணடைந்தார். திறமை!

டூப்ளேவைக் குறை சொல்லவில்லை. பாரிசுக்குக் கடிதம் போட்டால் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும் காலம். படையையும் பணத்தையும் யாரை நம்பிக் கொடுப்பது?

இந்தப் பக்கம் துபாஷிகளுக்கும் அதே கதைதான். துபாஷி என்றால் மொழிபெயர்ப்பாளர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மொழி அதில் கால்வாசி. கம்பெனிக்குத் துணி வேண்டுமென்றால் நெசவூர்களுக்கு முன்பணம் போக வேண்டும், துணி வரும்வரை காத்திருக்க வேண்டும், நடுவில் கம்பெனி கஜானா வற்றினால் கடன் புரட்ட வேண்டும். ஊருக்கு ஊர் மாமன் மச்சான் இல்லாதவனால் இதெல்லாம் ஆகாது. கம்பெனி ஒருவரை வேலைக்கு வைத்தது என்றால் அவருடைய சொந்தபந்தத்தையே வைத்தது என்றுதான் அர்த்தம்.

நைனியப்பப் பிள்ளை தலைமைத் துபாஷி ஆனதும் பெரம்பூரிலிருந்த மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைப் பாண்டிச்சேரிக்கு வரவழைத்தார். அந்தத் திருவேங்கடத்தின் மகன்தான் 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை. மாமாவின் செல்வாக்கில் வந்த குடும்பம், மாமா விழுந்தபோதும் அடிபட்டது. 1716-இல் நைனியப்பர் கைது, சவுக்கடி, சொத்துப் பறிமுதல். மறுவருஷம் சிறையிலேயே செத்துப்போனார்.

குடும்பம் அதோடு சும்மா இருக்கவில்லை. மகன் குருவப்பன் கப்பலேறி பிரான்சுக்கே போனார், ஞானஸ்நானம் வாங்கினார், செவாலியே பட்டத்தோடு திரும்பி அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். பக்தியா காரியமா என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும் இருந்திருக்கலாம். 1724-இல் அவரும் போய்விட, பதவி எதிர்வீட்டுக்கு, அதாவது கனகராய முதலியாருக்குப் போனது. பழைய கிறிஸ்தவக் குடும்பம், தலைமுறையாகக் கம்பெனிக்குத் தரகு பார்த்தவர்கள்.

எனக்கு மனசில் நிற்பது முதலியார்தான். ஒரே மகன் வேலவேந்திரன் 1739-இல் இறந்துவிட்டான். அவன் நினைவாக பாண்டிச்சேரிக்குப் பக்கத்து ஒழுகரையில் ஒரு மாதாகோயில் கட்டி 1745-இல் ஊரைக் கூட்டி விருந்து வைத்தார். கிறிஸ்தவ விழா, ஆனால் சாதிக்கேற்றபடி சமையலும் பந்தியும் தனித்தனி. கவர்னரும் வந்தார். அதை உட்கார்ந்து பார்த்து வீட்டுக்கு வந்து எழுதிவைத்தவர் ஆனந்தரங்கர். அடுத்த வருஷம் முதலியார் இறந்ததும் தம்பிக்கும் விதவைக்கும் சொத்துத் தகராறு. மகன் இல்லாத வீட்டிலிருந்து பதவி நழுவி, கொஞ்ச காலம் இழுபறியில் கிடந்து, கடைசியில் நைனியப்பரின் மருமகனிடமே, ஆனந்தரங்கரிடமே, வந்து சேர்ந்தது.

முப்பது வருஷம், இரண்டே வீடு.

ஆனந்தரங்கர் இப்படி எழுதிவைத்த நாட்குறிப்பை அரசியல் ஆவணம் என்று படிக்கிறோம். எனக்கென்னவோ மொய்நோட்டு மாதிரிதான் படிக்கத் தோன்றும்: யார் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள், யார் வரவில்லை. 1761 ஜனவரி 12-இல் ஆனந்தரங்கர் இறந்தார், நான்காம் நாள் ஊர் இங்கிலீஷ்காரர் வசமானது. அதற்குப் பிறகும் அந்த வீட்டில் நாட்குறிப்பு நிற்கவில்லை. தம்பி மகன் எழுதினார்.