கனத்த துப்பாக்கிக்குச் சின்ன ஸ்கோப் போதும்

பலமாக உதைக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கு ஸ்கோப், அதாவது குறி பார்க்க மேலே பொருத்தும் தொலைநோக்கி, தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டு முழுக் காட்சியையும் பார்க்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

மண்ணடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் நம் நாட்டில் வேட்டைக்குக் கதவை அடைத்துவிட்டன. அந்தக் கதவு அடைத்தபடியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் என் பிழைப்பு லென்ஸ். துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளின் பைனாகுலர்களைப் பிரித்து, கடற்காற்றில் பிடித்த பூஞ்சையைத் துடைத்து, பார்வையை நேராக்கிக் கொடுக்கிறேன். என் அக்கா மகன் ஆஸ்திரேலியாவில் டார்வினுக்கு வெளியே வேலை செய்கிறான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட எருமைகள் காட்டில் பெருகி, சதுப்பு நிலங்களை மிதித்துச் சேறாக்குகின்றன. அவற்றைச் சுட்டுக் குறைப்பது அங்கே சட்டப்படி நடக்கும் வேலை. அதற்காக .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் (.375 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்) வாங்கியவன், 4 முதல் 16 மடங்கு வரை காட்டும், 50 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ் கொண்ட ஒரு ஸ்கோப்பின் படத்தை அனுப்பி, "இது சரியாக இருக்குமா மாமா?" என்று கேட்டான். இருக்காது என்றேன். அவனைப் போலவே வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வேறு சிலரும் இதையே கேட்பதால் விரிவாக எழுதுகிறேன்.

.375 தோட்டா 1912இல் வந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளில் காட்டெருமைக்கு இதற்குக் குறைந்த விட்டம் கூடாது என்பது விதி. 19 கிராமுக்குச் சற்று மேலான குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. தள்ளிய விசைக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வருகிறது, சாதாரண .308 ரைஃபிளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உதை. .458 வின்செஸ்டர் மேக்னம் என்றால் அதைவிடவும் அதிகம். தோள் தாங்கிக்கொள்ளும். ஆனால் தோளோடு சேர்ந்து ஸ்கோப்பின் உலோக விளிம்பும் புருவத்தை நோக்கி வருகிறதே, அதுதான் சிக்கல். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டை பழகிய பையன்களின் புருவத்தில் பார்க்கிறோமே, அதே தழும்பு, பிறை வடிவத்தில்.

புருவக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். மனதில் விழுந்த அடி அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அடுத்த முறை விசையை இழுக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் முன்னே தள்ளும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் அடிபட்ட எருமை கோரைக்குள் ஓடி மறைந்து, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வலியோடு கிடக்கும். தேடிப் போகிறவன்மேல் பாய்ந்தாலும் பாயும். கொல்லத்தான் வேண்டும் என்று சட்டம் சொல்கிற இடத்தில், ஒரே குண்டில், வலி நீளாமல் முடிப்பது சுடுகிறவனின் கடமை. ஸ்கோப் தேர்வைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இனி அளவுகள். கண்ணுக்கும் பின்பக்க லென்ஸுக்கும் நடுவே குறைந்தது 9 சென்டிமீட்டர் வேண்டும்; 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. பல ஸ்கோப்புகளில் மடங்கைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி சுருங்கும். ஆகவே விவரத்தாளில் இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் சிறியதையே கணக்கில் எடுங்கள். மேட்டை நோக்கிச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் தலை தானாக முன்னே போகும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

பெரிய முகப்பு லென்ஸ் இருந்தால்தான் மங்கிய வெளிச்சத்தில் தெரியும் என்ற நம்பிக்கை என் மேசைக்கு வரும் மாலுமிகளிடமும் உண்டு. முகப்பு விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 50 மில்லிமீட்டரை 16ஆல் வகுத்தால் கண்ணுக்கு வருவது 3 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை. 20 மில்லிமீட்டரை 2.5ஆல் வகுத்தால் 8 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண்மணியே 7 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். வயதானால் அதுவும் குறையும். சின்ன ஸ்கோப் கண் கேட்பதற்கு மேலாகவே கொடுக்கிறது. கற்றை அகலமாக இருப்பதால், அவசரத்தில் தலை சற்று விலகினாலும் காட்சி கறுத்துப் போகாது.

பார்வைப் பரப்பையும் கவனியுங்கள். ஒரு மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் 30 மீட்டருக்கு மேல் அகலம் தெரியும். 10 மடங்கில் மூன்று நான்கு மீட்டர்தான். அடர்ந்த புதரில் 40 மீட்டரில் நிற்கும் எருமையை 10 மடங்கில் பார்த்தால் கறுப்புத் தோல் மட்டுமே தெரியும், அது தோளா தொடையா என்று புரியாது. 2.5 மடங்கிலோ 100 மீட்டரில் நிற்பது 40 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். இந்த வேலைக்கு அது தாராளம்.

எடைதான் பலர் யோசிக்காத விஷயம். துப்பாக்கி திடீரெனப் பின்னால் பாயும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கனம் கூடக் கூட, அதைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையங்களுக்குள் அது நழுவும் ஆபத்தும் கூடும். உள்ளேயும் அதே கதை: படத்தை நிமிர்த்தும் லென்ஸ் குழாயைப் பிடித்திருப்பது ஒரு சின்னச் சுருள்வில். ஒவ்வொரு உதையையும் அது தாங்க வேண்டும். மடங்கு மாறாத ஸ்கோப்பில் அசையும் பாகங்கள் குறைவு, பழுதாகவும் வாய்ப்புக் குறைவு. லூப்போல்டு நிறுவனம் செய்த 2.5 மடங்கு, 20 மில்லிமீட்டர் ஸ்கோப் 185 கிராம் அளவுதான் இருக்கும், கண் இடைவெளியோ 12 சென்டிமீட்டருக்கு மேல். பார்வைக்கு எளிய பொருள், அருமையான பொருள். மடங்கு மாற்ற வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 1 முதல் 4 வரை உள்ளதை எடுக்கலாம். 1 முதல் 8 என்று இப்போது பரபரப்பாக விற்பவை பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டுகின்றன. 8 மடங்கில் ஒளிக்கற்றையும் 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது.

ஸ்கோப்புக்குள் குறி காட்டும் குறுக்குக் கோடுகள் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கோடு கறுப்புத் தோலில் மறைந்துவிடும்.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருள்வில்லால் இயங்கும் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் உதறும். பெரிய துப்பாக்கியைத் தாங்கும் ஸ்கோப்கூட அதில் உடைவதுண்டு. அதற்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

அக்கா மகனிடம் கடைசியாகச் சொன்னது பொருத்தும் முறை. முகப்பு பருக்காத நேர்க்குழாய் என்பதால் ஸ்கோப்பைத் தாழ்வாக வைக்கலாம். வளையங்கள் எஃகாக இருக்கட்டும், கழற்றி மாட்டும் வகையாகவும் இருக்கட்டும்; ஸ்கோப் பழுதானால் துப்பாக்கியிலேயே இருக்கும் இரும்புக் குறிகளால் சுடலாம். கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கண்ணைத் திறந்தவுடன் முழு வட்டமும் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இதை நின்றும் படுத்தும் பார்க்க வேண்டும். திருகுகளை முறுக்கிய பிறகு வளையத்திலும் குழாயிலும் சேர்த்து மெல்லிய பெயின்ட் கோடு இழுத்துவிட வேண்டும். சுடும் மைதானத்தில் இருபது தோட்டா போன பிறகும் அந்தக் கோடு உடையாமல் இருந்தால் எருமையைத் தேடிப் போகலாம். உடைந்திருந்தால் வளையத்தைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து.