அந்தத் தம்பிக்கு வந்தது சக்தி இல்லை, பசி மயக்கம்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை வரை பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். "பாத்தீங்களா, உங்க ஊரு!" என்று கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. எந்த வீடியோ என்று சொல்ல வேண்டியதில்லை. கொல்லிமலை என்று தேடினாலே இப்போது அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

ஆகாய கங்கை அருவியிலிருந்து திரும்பும் படியில் பாதி ஏறியதும் வீடியோ போட்ட தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். பின்னணியில் உடுக்கைச் சத்தம். "ஏதோ ஒரு சக்தி என்னை மேல ஏற விடல மக்களே" என்கிறார். அப்புறம் எட்டுக்கை அம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "சிரிச்சே ஆளைக் கொல்ற சிலை இதுதான்." கடைசியில் மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லையாம், பின்னால் யாரோ தள்ளியது போல இருந்ததாம்.

சக்திதான் தம்பி. பள்ளிக்கூடத்தில் அதற்குப் புவியீர்ப்பு சக்தி என்று பெயர்.

அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்கிறார், கேட்பவர்தான் கேட்கவில்லை. ராத்திரி கிளம்பியாயிற்று, தூக்கம் இல்லை. மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இரண்டு தடவை வாந்தி. "காலைல ஒண்ணும் சாப்பிடல, நேரா அருவிதான்." அருவியில் ஒரு மணி நேரம் ஆட்டம். நடு மத்தியான வெயிலில் ஏற ஆரம்பித்தார். ஆகாய கங்கைக்குப் படி ஆயிரத்துக்கு மேல். ஒரு படி அரை அடி என்று குறைத்து வைத்தாலும் 500 அடி உயரம், அதாவது லிஃப்ட் இல்லாத ஐம்பது மாடிக் கட்டடம். வாந்தியில் தண்ணீரும் உப்பும் போன உடம்பு, காலியான வயிறு. விடாமல் ஏறிவிட்டு திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கும், தலைக்குப் போவது குறையும், கண் இருட்டும். இதற்கு எதற்கு உடுக்கை?

மலையில் மர்மம் இல்லை. படி இருக்கிறது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப் போகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம்.

அந்தப் படியைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதுதான் எரிச்சல். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்தில் இறங்கத் தொடங்கும்போது சுலபமாகத்தான் இருக்கும். அதுதான் ஏமாற்று. மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். முடியாது என்று தெரிந்தால் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். முடியாது என்று தெரிகிறபோது நீங்கள் அடியில் நிற்பீர்கள். படிகள் ஒரே அளவிலும் இல்லை, ஒன்று அரை அடி, அடுத்தது ஒரு அடி. முட்டிக்கு இறக்கம்தான் கெடுதல், மூச்சுக்கு ஏற்றம் கெடுதல். இறங்க முக்கால் மணி நேரம் என்றால் ஏற ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் பாதியை ஏறுவதற்கென்று தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஐம்பது படிக்கு ஒரு தடவை நிற்கலாம், ஆனால் சட்டென்று உட்காராமல் கைப்பிடியைப் பிடித்துக் காலை அசைத்தபடி நிற்க வேண்டும். உப்பு போட்ட மாங்காயோ நெல்லிக்காயோ இருந்தால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம். தின்பண்டத்தைப் பாலித்தீன் பையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பார்த்துக்கொள்ளும். யாராவது மயங்கினால் நிழலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள், நினைவு வரும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நெஞ்சு இறுக்கிப் பிடித்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினால் ஒரு படிகூட ஏற வேண்டாம், உடனே உதவி கேளுங்கள். அங்கே வண்டி வராது, ஆள்தான் தூக்கி வர வேண்டும். தூக்கி வருகிறவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த வீடியோவில் "மர்ம மக்கள்" என்று காட்டப்பட்டவர்கள்தான்.

படியோரம் கொய்யாப்பழம் விற்கும் ஒரு பாட்டியிடம் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் கேமராவை நீட்டிக்கொண்டு நின்றது. "பாட்டி, இங்க பேய் பாத்திருக்கீங்களா?" பாட்டி கூடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னது: "பேயெல்லாம் பாக்கல கண்ணு. மழைக்காலத்துல இந்தப் படி பாசி புடிக்கும், அதுதான் ஆளை இழுத்துக்கிட்டுப் போவும்." அவர்கள் அந்தத் துண்டைப் போடவில்லை.

அருவிக்கும் அதே கதைதான். தண்ணீர் ஐயாற்றுத் தண்ணீர். இங்கே விழுந்து, புளியஞ்சோலை வழியாகக் கீழே இறங்கி, காவிரியில் சேர்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலைத்தளத்தில் மழை பெய்தால் தண்ணீர் ஏறும். ஏறுவதற்கு முன்னால் மூன்று அறிகுறி வரும். தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கலாகும், இலையும் குச்சியும் வரத் தொடங்கும், சத்தம் கனக்கும். மூன்றில் ஒன்று கண்டாலும் துணி, செருப்பு, கைப்பேசி எதையும் தேடாமல் கரையேற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள சித்தர் அருள் வேண்டாம், கண்ணும் காதும் போதும்.

இப்போது அந்தச் சிலைக்கு, கொல்லிப்பாவைக்கு வருகிறேன். உண்மையில் வலித்தது இதுதான்.

சிரித்துக் கொல்லும் சிலை என்ற கதை மலையில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. முனிவர்களைத் தொந்தரவு செய்ய வந்த அசுரர்களை மயக்கி அழிக்கச் செய்து வைத்த பாவை என்று சொல்வார்கள். எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவையாகக் கும்பிடுகிறோம். ஆனால் அந்தப் பாவை தமிழில் எங்கே வருகிறாள் என்று யாராவது பார்த்தீர்களா? நற்றிணை 201-ஆம் பாட்டு, பரணர் பாடியது. "அந்தப் பெண் கிடைக்க மாட்டாள், விட்டுவிடு" என்று நண்பன் சொல்கிறான். காதலன் பதில் சொல்கிறான்: காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே குலுங்கினாலும் தன் அழகு கெடாமல் நிற்கும் கொல்லிப்பாவை மாதிரி, அவள் என் நெஞ்சை விட்டுப் போக மாட்டாள். காதல் பாட்டு ஐயா அது! மாயா இயற்கைப் பாவை என்கிறார் பரணர். அழியாதவள் என்று பொருள், அழிக்கிறவள் என்று இல்லை. அவளைக் கொண்டுபோய்ச் சிவப்பு விளக்குப் போட்டுப் பேய் ஆக்கியாயிற்று.

"கொல்லி என்றால் கொல்லும் மலை" என்று வேறு ஒரு விளக்கம். அதே பாட்டில் கொல்லிக்கு அடைமொழி என்ன தெரியுமா? செவ்வேர்ப் பலவின் பயம் கெழு கொல்லி. வேரில் பழுக்கும் பலாவின் விளைச்சல் நிறைந்த கொல்லி. அகநானூறு 209-இல், கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைக் காரி கொன்று சேரனுக்குக் கொடுத்த மலையைச் சொல்லும்போதும் இதே செவ்வேர்ப் பலாதான். இரண்டு புலவர்களுக்கு இந்த மலை என்றதும் பலாப்பழம் நினைவுக்கு வந்திருக்கிறது. உங்களுக்குப் பிணம் வருகிறது.

"அப்ப நீங்க சாமியையே நம்பலையா?" என்று ஒரு கூட்டம் வரும். நம்புகிறவர்கள் பேசுகிற பேச்சா அது? கோயிலை அமானுஷ்யம் என்று சொல்லி, செருப்போடு வாசலில் நின்று ஒளிப்படம் எடுப்பவர்கள் எனக்குப் பக்தி சொல்லித்தர வேண்டாம். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்து ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுகிறோம். அறுத்த மீனைச் சாமி பொருத்தி ஓடவிட்டார் என்பது கதை. யாரும் அந்த மீனைப் பிடிப்பதில்லை, அதனால் மீன் இருக்கிறது. அந்தக் கதைதான் அந்த மீனுக்கு வேலி. பாவை கதையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்: வெளியாள் கண்டபடி காட்டுக்குள் திரியாதே என்பதற்காகச் சொன்னது. நீங்கள் அதைக் கேட்டுவிட்டுக் காட்டுக்குள் திரியத்தான் வருகிறீர்கள்.

"மர்மம்னு சொன்னாத்தான் கூட்டம் வரும், உங்க ஆளுங்களுக்கும் வியாபாரம்தானே?" இதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பலா, அன்னாசி, மிளகு, தேன் எல்லாம் விற்கிறது. ஆனால் மர்மத்துக்கு வருகிறவர் மிளகு வாங்குவதில்லை, முடவாட்டுக்கால் சூப் குடிக்கிறார். அதையும் வீடியோதான் கிளப்பிவிட்டது. மூட்டுவலி போகும், எலும்பு கூடும், இன்னும் என்னென்னவோ போகுமாம், வருமாம். அது ஒரு பெரணியின் கிழங்கு. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும், மேலே ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு ரோமம். ரோமத்தைச் சுரண்டிக் கழுவி, நறுக்கித் தட்டி, மிளகு சீரகம் சின்ன வெங்காயத்தோடு நன்றாகக் கொதிக்க விட்டால் சூப். குளிருக்கு நன்றாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அது தோட்டத்தில் விதைத்து எடுக்கிற பயிர் இல்லை, காட்டிலிருந்து பெயர்த்து வருவது. ஒரு துண்டுகூட விடாமல் பெயர்த்தால் அந்தப் பாறையில் மறுபடி வராது. "கிலோ கணக்கில் கிடைக்குமா, கூரியர் பண்ணுவீங்களா" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

"நீங்க மலைக்காரங்க, உங்களுக்குப் பழக்கம்" என்பது இன்னொன்று. பழக்கம்தான். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடியில் ஒற்றை மூங்கில் ஏணி வைத்து ஏறிப் பறிப்பதும் பழக்கம்தான், விழுந்தால் எங்களுக்கும் எலும்புதான் முறிகிறது. அங்கே யாரும் கேமராவோடு வருவதில்லை. சாமையும் தினையும் இருந்த சரிவெல்லாம் ஏன் மரவள்ளி ஆயிற்று என்று கேட்கவும் யாரும் வருவதில்லை. கீழே ஜவ்வரிசி ஆலைக்காரர் பணம் தருகிறார், சாமைக்கு உமி நீக்க உரலில் குத்திக் குத்திப் பெண்களுக்குத் தோள்பட்டை போயிற்று, அதனால் மாறியது. கிழங்கு பிடுங்கும்போது சரிவில் மண் இளகி மழைக்குப் போகிறது. இதில் உடுக்கை அடிக்க இடம் இல்லை.

நாங்கள் மலையாளி என்று சொன்னால் "கேரளாவா?" என்று கேட்பார்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள் என்பது எங்கள் கதை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று 14 நாடாகத்தான் ஊரைச் சொல்வோம். வீடியோவில் எங்களுக்குக் கிடைத்த பெயர் "உள்ளே வாழும் காட்டுவாசிகள்". சொன்னவர் நின்ற இடத்துக்குப் பின்னால் அரசுப் பேருந்து நிற்பது தெரிகிறது.

சரி, பிரேக். யாரும் தள்ளவில்லை. தம்பி வந்தது கியர் இல்லாத ஸ்கூட்டரில், இரண்டு ஆள், இரண்டு பை. அந்த வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் கிளட்ச் விலகிவிடும், இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கில்தான். 70 வளைவுக்கும் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிரம் கொதிக்கும், ஷூ கருகும், பிடித்தும் பிடிக்காத மாதிரி வழுக்கும். கருகல் வாடை வந்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். இருபது நிமிடம் ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் விரிசல் விடும்.

வீடியோவில் சித்தர் குகைப் பக்கம் கைப்பேசி செத்துப்போனது ஏன் என்று கேட்காதீர்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. அதுவும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கும் இடம் இல்லை.

கமெண்டில் வழி கேட்டவர்களுக்கு மட்டும் இது. செம்மேட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போங்கள், 15 கி.மீ. போல வரும். காலையிலேயே அருவிக்கு இறங்கிவிடுங்கள், மத்தியானம் மூன்றுக்கு மேல் இறங்க நினைக்காதீர்கள். மழை என்றால் வனத்துறை மூடியிருக்கும், காவலரிடம் சண்டை போடாதீர்கள். முட்டி வலி, நெஞ்சு வலி, நிறைமாதம் இருந்தால் மாசிலா அருவியும் நம் அருவியும் போதும், பெரிய படி இல்லை. சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லை. ஆடி 18-க்கு ஓரி விழாக் கூட்டம், வளைவுகளில் நகர முடியாது. கார் என்றால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். பேருந்து திரும்பும்போது வளைவுக்குள் நுழையாமல் வெளியே நில்லுங்கள், அதற்கு முழு ரோடும் வேண்டும். முள்ளுக்குறிச்சி வழியில் வளைவு குறைவு, வாந்தி வருகிறவர்கள் அப்படி வரலாம்.

அந்தத் தம்பியும் மறுபடி வரட்டும். பாட்டியிடம் கொய்யா வாங்கிக்கொண்டு இறங்கட்டும், இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டு.