பதிவேட்டில் இல்லாத கையொப்பம்

என் ராத்தாவின் (மூத்த சகோதரியின்) காவின் என்னும் திருமணப் பதிவில் அவள் சார்பாகக் கையொப்பமிட்டவன் நான். வாப்பா மௌத்தாகி (இறந்து) மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வாப்பாவின் வாப்பா அதற்கு வெகு முன்பே போய்விட்டார். ஆகவே வலி என்னும் மணமகளின் பாதுகாவலர் பொறுப்பு வீட்டின் ஒரே ஆண்பிள்ளையான என்மேல் வந்து விழுந்தது. எனக்கு அப்போது வயது 22. ராத்தாவுக்கு 27, ஆசிரியை. தவணைக்குத் தவணை ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரின் தேர்ச்சி அறிக்கையிலும் கையொப்பம் வைப்பவள். அந்தக் கையொப்பத்தை வங்கி ஏற்கும், பாடசாலை ஏற்கும். அவளுடைய சொந்தத் திருமணப் பதிவேட்டில் மட்டும் அதை யாரும் கேட்கவில்லை.

அது அந்தப் பதிவாளரின் தவறு அல்ல. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனிடம் கையொப்பம் கேட்கிறது, மணமகளின் வலியிடம் கேட்கிறது, நிகாஹை (திருமண ஒப்பந்தத்தை) நடத்தி வைத்தவரிடம் கேட்கிறது. மணமகளிடம் கேட்பதில்லை. இந்தச் சட்டத்தைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் திருமண வயது, பலதார மணம், பெண் காதி (முஸ்லிம் விவாக நீதிபதி) நியமனம் என்று பெரிய விடயங்களே முன்னுக்கு வருகின்றன. அவையெல்லாம் முக்கியமானவைதாம். 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியின் திருமணத்தைக்கூடக் காதியின் அனுமதி இருந்தால் பதியலாம் என்று 23ஆம் பிரிவு சொல்வதை இந்தக் காலத்தில் யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் என்னுடைய கேள்வி அவற்றையெல்லாம்விடச் சிறியது: ஓர் ஒப்பந்தத்தின் இரு தரப்பினரில் ஒருவர் அதில் கையொப்பமிடாமல் அதை எப்படிப் பதிவு செய்கிறோம்?

அன்று நடந்ததைச் சொல்கிறேன். லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) முன்னர் சாச்சா அறை வாசலில் நின்றபடி, "என்ன மகள், சம்மதம் தானே?" என்று கேட்டார். ராத்தா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். உம்மாதான், "சம்மதம், சம்மதம், நேரம் போகுது" என்று பதில் சொன்னா. நாங்கள் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டோம். ராத்தாவுக்கு உண்மையிலேயே சம்மதம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது எனக்குத் தெரிய வந்தது மாதங்கள் கழித்து, பேச்சுவாக்கில். பதிவேட்டில் பேனா வைத்த நேரத்தில் நான் அவளிடம் நேரடியாக ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்தும் ஒரு விடயம் உண்டு. நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்), கன்னிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றியே அவளை மணமுடித்துக் கொடுக்கும் அதிகாரம் தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் மட்டுமே உண்டு. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சகோதரனுக்கு அந்த அதிகாரம் அறவே இல்லை. அவன் வலியாக நின்றால், பருவமடைந்த பெண்ணின் அனுமதியைப் பெற்றேயாக வேண்டும். அதாவது, சட்டம் பாதுகாப்பதாகச் சொல்லும் அதே மத்ஹபின் விதிப்படி என் ராத்தாவின் அனுமதி கட்டாயம். ஆனால் அது பெறப்பட்டதா என்பதற்கான அத்தாட்சியை அந்தச் சட்டமே தேடவில்லை. நான் பொய் சொல்லியிருந்தாலும் அந்தப் பதிவு அப்படியே நின்றிருக்கும்.

கையொப்பம் கேட்பது மேற்கத்தியப் பழக்கம் என்று சொல்பவர்களுக்கு நான் இரண்டு விடயங்களை நினைவூட்டுவேன். கன்ஸா பின்த் கிதாம் என்ற ஸஹாபிப் பெண்ணை (நபித்தோழியை) அவருடைய தந்தை அவர் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துக் கொடுத்தபோது, அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. அடுத்து, குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகராவின் 282ஆம் வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல; தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பது. மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடை; கையில் கொடுக்கப்படாத மஹர் கணவன்மேல் உள்ள கடன். அந்தக் கடனை எழுதும் ஏட்டில் கடனாளி கையொப்பமிடுகிறான், சாட்சிகள் இருக்கிறார்கள். கடன் யாருக்குச் சேர வேண்டுமோ அவள் மட்டும் அந்த ஏட்டைப் பார்ப்பதுகூட இல்லை. தன் மஹர் எவ்வளவு என்று எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில்தான் அறிந்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

கைக்கூலி விடயத்தில் நிலைமை இன்னும் மோசம். மணமகளின் பயன்பாட்டுக்கென்று பெண் வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் பணத்தையும் அசையும் பொருள்களையும் நம் சட்டம் கைக்கூலி என்ற அதே தமிழ்ச் சொல்லால் குறிக்கிறது. பிற்காலத்தில் மனைவி அதைக் காதி முன்னிலையில் கேட்டுப் பெறவும் வழி செய்கிறது. அன்று பதிவாளர், "கைக்கூலி ஏதும் உண்டா?" என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் இல்ல, இல்லையெண்டு போடுங்க" என்றார். முந்தின கிழமை எண்ணிக் கொடுத்த ரொக்கம் எனக்குத் தெரியும். அதற்காக உம்மா விற்ற வளவும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அந்த ஏடு ராத்தாவின் முன்னால் விரிக்கப்பட்டிருந்தால் அவளும் வாய் திறந்திருக்க மாட்டாள் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அது அவள் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

ஷரீஅத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்கிறவர்கள் இந்தக் கைக்கூலியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மார்க்கத்தில் அடிப்படையே இல்லாத ஒரு வழக்கம் சட்டத்துக்குள் இடம்பிடித்திருக்கிறது என்றால், அந்தச் சட்டம் வஹியாக (இறைச்செய்தியாக) இறங்கியதல்ல என்றுதானே பொருள்? ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த விதித்தொகுப்பு, 1806இல் ஆங்கிலேயர் வெளியிட்ட முகம்மதியச் சட்டக்கோவை, 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் என்று பல கைகள் தொட்டுத்தான் அது 1951க்கு வந்து சேர்ந்தது. பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் நிகாஹ் பத்திரத்தில் மணமகள் கையொப்பமிடுகிறாள். மஹரைக் குறிக்கும் காபீன் என்ற பாரசீகச் சொல்லைக் கொண்டு வங்காளிகள் அந்தப் பத்திரத்தைக் காபின்நாமா என்கிறார்கள். நாம் காவின் என்கிறோம். அங்கே அவள் கையொப்பமிட்டதால் யாருடைய நிகாஹும் முறிந்துவிடவில்லை.

எதிர்ப்பாளர்களின் ஒரு வாதத்தை மட்டும் நான் இலகுவாகத் தள்ளிவிட மாட்டேன். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியவர்களில் பலர் நம் பெண்கள்மீது கொண்ட அக்கறையால் பேசவில்லை. 2020இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை கொவிட்டைக் காரணம் காட்டி நம் ஜனாஸாக்களை (இறந்தவர்களின் உடல்களை) எரித்த அரசு, அதே 2021 ஒக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்குப் பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் ஞானசார தேரரைத் தலைவராக நியமித்தது. அப்படிப்பட்டவர்களின் கையில் நம் சட்டத்தைத் திருத்தக் கொடுப்பதா என்ற அச்சம் எனக்கும் இருந்தது. இன்னும் முற்றாக விலகவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் திருத்தங்களை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது 2009இல். அப்போது செயலணியும் இல்லை, எரிப்பும் இல்லை. நம்மவர்களே கூடி அமர்ந்து பேசுவதற்கு இருந்த நல்ல காலம் அது. அறிக்கை கையளிக்கப்பட்டபோது 2018 ஜனவரி ஆகிவிட்டது, அதுவும் குழு இரண்டாகப் பிரிந்த நிலையில். அந்த ஒன்பது வருடங்களை நாமே வீணாக்கினோம்.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம்: மணமகளின் கையொப்பமின்றி எந்தத் திருமணத்தையும் பதியக் கூடாது. வலியின் இடம் அப்படியே இருக்கட்டும். அவரை யாரும் எழுப்பி அனுப்பச் சொல்லவில்லை. பதிவு இல்லாவிட்டாலும் நிகாஹ் செல்லும் என்னும் 16ஆம் பிரிவைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பெண்பிள்ளையை ஆண்கள் நிறைந்த சபைக்கு எப்படிக் கூட்டி வருவது என்று ஓர் உறவினர் என்னிடம் கேட்டார். அவளை எங்கும் கூட்டி வர வேண்டியதில்லை. ராத்தாவின் நிகாஹ் முடிந்ததும் பதிவாளர் எங்களோடு கல்யாண வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எனக்கு எதிரே ஒரே சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) சாப்பிட அமர்ந்தார். ராத்தா இருந்த அறைக்கும் அந்த சஹனுக்கும் இடையில் ஒரு திரைச்சீலைதான் தொங்கியது. பதிவேட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், கறி படாமலிருக்க அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.