கடலைப் புண்ணாக்கு சோயாவுக்கு ஈடா?

"கடலைப் புண்ணாக்கிலும் சோயாவைப் போல 45 சதவீதம் புரதம், வளரும் பன்றிகளுக்குக் கிலோவுக்குக் கிலோ மாற்றிப் போடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. புரதக் கணக்கு ஏறக்குறைய சரி. முடிவுதான் தவறு.

தானியத் தீவனத்தில் பன்றிக்கு முதலில் பற்றாமல் போவது லைசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதம் கட்டப்படும் துண்டுகளில் ஒன்று. சோயாப் புண்ணாக்கில் அது சுமார் 2.8 சதவீதம், கடலையில் கிட்டத்தட்ட பாதிதான். மக்காச்சோளத்திலும் லைசின் சொற்பம். அது தீர்ந்துவிட்டால் மிச்சப் புரதம் தசையாகாது, அதன் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் போய்விடும். மாட்டுக்கு இரைப்பை நுண்ணுயிரிகள் ஓரளவு ஈடுகட்டும். பன்றிக்கு அந்த வசதி இல்லை.

அதற்காகக் கடலையை ஒதுக்க வேண்டாம். சோயாவில் ஒரு பகுதியை மட்டும் மாற்றி, குறையும் லைசினைத் தனியாகச் சேர்க்கலாம். அப்புறம், பூஞ்சை பிடித்த புண்ணாக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுக்கும்.