ஒரிஜினல் வாங்கும் முன் பரணில் ஏறிப் பாருங்கள்

பழைய டிவி கேம் ஆசை திரும்ப வந்தவர்கள் பலரும் ஃபேமிகாம் என்ற ஜப்பான் ஒரிஜினல் கேம் மெஷினை ஆன்லைனில் தேடுகிறார்கள். கையில் காசிருந்தால் வாங்கட்டும். ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் தொண்ணூறுகளில் விளையாடி வளர்ந்தவருக்கு அதில் ஓடும் மாரியோ அந்நியராகத்தான் தெரிவார். வேகம் அதிகம்.

நின்டெண்டோ 1983-ல் ஃபேமிகாமை இறக்கிய ஜப்பானில் டிவி நொடிக்கு 60 தடவை படம் மாற்றும். நம் டிவி பால் (PAL) முறை, 50 தடவை. அந்தக் கேம்கள் ஓடுவதும் பாடுவதும் இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். கல்ஃப் பெட்டியில் வந்ததோ, திருவனந்தபுரத்தில் வாங்கியதோ, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்து இங்கே ஓடிய டூப்ளிகேட் மெஷின்களில் பெரும்பாலானவை 50-க்குச் செய்யப்பட்டவை. எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவு. சில டூப்ளிகேட் சிப்புகளில் ஒலி அலையின் வடிவத்தை மாற்றும் 25, 50 சதவீத அமைப்புகள் இடம் மாறிக் கிடக்கும். சுதி பிசகாது, குரல் மட்டும் வேறாகும். அந்த மெதுவும் அந்தக் குரலும்தான் நம் காது பழகிய மாரியோ. 'டூப்ளிகேட்' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மெஷின் வேண்டாம், கம்ப்யூட்டரில் பழைய கேமை ஓட்டும் எமுலேட்டர் போதும் என்பவர்கள் எஃப்சிஇயூஎக்ஸ் (FCEUX) அல்லது மெசன் (Mesen) எமுலேட்டரில் ரீஜன் என்ற இடத்தில் 'டெண்டி'யைத் தேர்ந்தெடுங்கள். டெண்டி என்பது ரஷ்யாவில் விற்ற டூப்ளிகேட், அதுவும் 50தான். 'பால்' என்று போட்டால் பிராசசர் 1.79-லிருந்து 1.66 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, சுதியும் தாழ்ந்துவிடும். டெண்டியில் 1.77, சுதி ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

மெஷினே பரணில் இருக்கிறதென்றால், எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் அடாப்டரை மல்டிமீட்டரில் பாருங்கள். 9 வோல்ட் என்று எழுதிய பழைய டிரான்ஸ்பார்மர் அடாப்டர் லோடு இல்லாமல் 12, 13 காட்டும்; அது கோளாறு இல்லை. பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். பின்னின் நடுவில் மைனஸ் வரும் மெஷினும் உண்டு, பிளஸ் வருவதும் உண்டு. மாற்றிக் கொடுத்தால் உள்ளே வரும் வோல்ட்டை 5 ஆக்கும் 7805 ரெகுலேட்டரோ கெப்பாசிட்டரோ போகும். 7805-க்கு மூன்று கால். எழுத்து நம்மைப் பார்க்க வைத்தால் இடது உள்வரவு, நடு கிரவுண்ட், வலது 5 வோல்ட். இடதில் வந்து வலதில் வராவிட்டால் அதை மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் அளவில் 25 வோல்ட்டுடையதாகப் போடுங்கள்.

அடுத்தது கேசட். ஊதினால் ஓடுமே என்பார்கள். ஓடியது ஊதியதால் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதால். எச்சில் ஈரம் கேசட் அடியிலுள்ள 60 தகடுகளையும் அரிக்கும். குமரியில் இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்று வேறு. ஊதாமலே பச்சை பூக்கும். 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் துடையுங்கள். கறை விடாவிட்டால் வெள்ளை ரப்பர். உப்புத்தாள் கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும். கேசட் செருகும் ஸ்லாட்டுக்கு, தடித்த அட்டையில் மெல்லிய துணி சுற்றி, ஆல்கஹால் தொட்டு நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் போதும்.

கையில் பிடித்து ஆடும் ரிமோட்டில் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லையா? அடியிலுள்ள கறுப்பு ரப்பர். எல்லாமே செத்துவிட்டதா? ஒயர். உள்ளே ஐந்து கம்பி, பெரும்பாலும் ரிமோட்டுக்குள் நுழையும் வளைவில் அறுந்திருக்கும். அந்த இடத்தை வெட்டிவிட்டு நிறம் பார்த்து சால்டர் பண்ணுங்கள்.

கேமில் சுடும் துப்பாக்கிக்கு மட்டும் புது டிவியில் பரிகாரம் இல்லை. 1984-ல் வந்த டக் ஹன்ட் என்ற வாத்து சுடும் கேமில் துப்பாக்கி விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக் கண் அந்த வெளிச்சத்தைத் தேடும். எல்இடி டிவி படத்தைத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தவறிவிடும். பழைய குண்டு டிவி கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும்.

'9999 இன் 1' கேசட்டைத் தூக்கிப் போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது சில கேம்கள்தான். ஆரம்பக் கட்டத்தையும் உயிர்களின் எண்ணிக்கையையும் மாற்றிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஏமாற்றுதான். ஆனாலும் அதில் டாங்க் கேம் இருக்கும். 24 கிலோபைட்டில் 35 களம், இருவர் சேர்ந்து ஆடலாம், சொந்தமாகக் களமும் கட்டலாம். 1985-ல் நாம்கோ என்ற ஜப்பான் கம்பெனி செய்தது.

5 வோல்ட் சரியாக வந்து, கேசட்டும் சுத்தமாக இருந்து, திரை மட்டும் வெறுமையாக நின்றால் போர்டில் தார் சொட்டு வைத்தாற்போல் இருக்கும் சிப் போயிருக்கலாம். அதை ரிப்பேர் செய்ய வழியில்லை. அப்போதும் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஸ்லாட், ரிமோட் ஒயர், ரப்பர் மூன்றும் அடுத்த மெஷினுக்கு உதவும்.